மோர்ஸ் 3 டேப்பரின் கோணத்தை லேத்தில் துல்லியமாக வைப்பது எப்படி?

கேள்வி (சுங்கை சிப்புட்):
வணக்கம். செம்பனை ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் டிரில்லிங் மெஷினுக்கு மோர்ஸ் 3 (ஒரு நிலையான டேப்பர், அதாவது கூம்புச் சரிவு, அளவு) ஆர்பர் எனும் தண்டு ஒன்றைப் புதிதாகச் செய்ய வேண்டியுள்ளது. லேத்தில் வெட்டும் கருவியைத் தாங்கிச் சாய்வாக நகரும் டாப் ஸ்லைடின் அளவுகோலில் முழுப் பாகைகள் மட்டுமே பொறிக்கப்பட்டிருப்பதால், 1 பாகை 26 நிமிடம் என்ற அரைக்கோணத்தை (மையக்கோட்டுக்கும் டேப்பரின் பக்கத்துக்கும் இடையிலான கோணம்) அதைப் பார்த்து வைக்க இயலவில்லை. சோதனைத் துண்டில் நீல மை பூசி, அதே டேப்பரில் துளையுள்ள ஸ்லீவுக்குள் செருகினால், அகன்ற முனையில் மட்டுமே மை தேய்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற டர்னர், ஈப்போ):
தம்பி, அகன்ற முனையில் மட்டும் தேய்கிறது என்றால் உங்கள் கோணம் கூடிவிட்டது என்று பொருள். அளவுகோலை உத்தேசத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோணத்தை டயல் கேஜ்தான் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) தீர்மானிக்க வேண்டும். துண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் நேராக இருப்பதை உறுதிசெய்த பின், தேய்மானமில்லாத மோர்ஸ் 3 ஆர்பர் ஒன்றை இரு சென்டர்களுக்கிடையே (கூர்முனைத் தாங்கிகள்) மாட்டி, டாப் ஸ்லைடில் பொருத்திய டயல் கேஜின் முனை மைய உயரத்தில் அதன் பக்கத்தைத் தொடுமாறு வையுங்கள். ஸ்லைடை முழு நீளத்துக்கும் ஓட்டும்போது முள் அசையாமல் நிற்கும்வரை மெல்லத் தட்டித் திருத்துங்கள். போல்ட்டை இறுக்கும்போது கோணம் நகர்வது வழக்கம் என்பதால், இறுக்கிய பிறகும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

மாதிரி ஆர்பர் கிடைக்காவிட்டால் நேரான டெஸ்ட் பாரை (சீரான விட்டமுள்ள சோதனைத் தண்டு) மாட்டி, ஸ்லைடை 50 மி.மீ. நகர்த்துங்கள், முள் 1.255 மி.மீ. காட்ட வேண்டும். அதில் 0.01 மி.மீ. பிசகினாலே கோணம் ஏறக்குறைய 40 விநாடி தவறும்.

வெட்டும் கருவியின் உயரத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அது மையத்திலிருந்து 1 மி.மீ. விலகினால், கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் டேப்பர் நேர்கோடாக வராமல் நடுவில் சற்றே குழியும். மோர்ஸ் 3-இன் முழு நீளத்தில் இரு முனை விட்டங்களின் வித்தியாசமும் சுமார் 0.016 மி.மீ. குறையும்.

பதில் 2 (கோலகங்சார்):
ஐயா சொன்ன முறையே சிறந்தது. ஆனால் டாப் ஸ்லைடைக் கையால் ஓட்டும்போது மேற்பரப்பு ஒரே சீராக வருவது கடினம். டெயில்ஸ்டாக்கை விலக்கி வைத்தால் தானியங்கி ஓட்டத்திலேயே கடையலாம், 200 மி.மீ. நீளத் துண்டுக்கு 5.02 மி.மீ. விலக்க வேண்டும். துண்டின் நீளம் மாறினால் கோணமும் மாறிவிடும் என்பதால், ஒரே ஒரு ஆர்பருக்காக நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 3 (ஓய்வுபெற்ற டர்னர், ஈப்போ):
சரிபார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மையைத் தடித்துப் பூசினால் தவறான டேப்பரும் சரியானதாகத் தோன்றும். நீளவாக்கில் மூன்று மெல்லிய கோடுகள் இட்டு, ஸ்லீவுக்குள் அழுத்திக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். மூன்று கோடுகளும் முழு நீளத்துக்குத் தேய வேண்டும். எண்ணாகத் தெரிய வேண்டுமானால், ஆர்பரைச் சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளப் பலகை) செங்குத்தாக நிறுத்தி, இருபுறமும் சம விட்டமுள்ள ரோலர்களை வைத்து மைக்ரோமீட்டரால் அளந்து, பிறகு சம உயரமுள்ள கேஜ் பிளாக்குகளால் (துல்லிய அளவுக் கட்டைகள்) ரோலர்களை 50 மி.மீ. உயர்த்தி மீண்டும் அளந்தால், வித்தியாசம் 2.51 மி.மீ. வர வேண்டும்.

கோணம் அமைந்த பிறகு விட்டத்தில் 0.05 மி.மீ. எடுத்தால் ஆர்பர் சுமார் 1 மி.மீ. உள்ளே இறங்கும், கடைசி வெட்டுகளை அந்தக் கணக்கில் எடுங்கள். கோணப் பிழையை எமரித் தாளால் தேய்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள்.