தரங்கம்பாடிக்கு இரண்டு நாள்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பொங்கல் விடுமுறையில் அப்பாவையும் இரண்டு பிள்ளைகளையும் தரங்கம்பாடிக்கு அழைத்துப்போக நினைக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது.

1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனியர்கள் கட்டிய கோட்டை, 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் தேவாலயம், இவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்த ஊர் இது என்பதால் பிள்ளைகளுக்கு அந்த அச்சுக்கதையை அங்கேயே நின்று சொல்ல ஆசை.

ஆனால் என் மனம் கிடப்பது மாசிலாமணிநாதர் கோயிலில்தான். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடல் ஒரு ஊரை எப்படி மெல்ல மெல்லத் தின்னும் என்பதை அந்தக் கரையில் பார்க்கலாம். சுனாமியையும் அந்த ஊர் தாங்கியது.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். கோட்டை அருங்காட்சியகத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை? கோயில் வாசல்வரை ஆட்டோ போகுமா? காலையில் படகுகள் கரை திரும்பி மீன் ஏலம் விடும்போது நாங்கள் ஓரமாக நின்று பார்த்தால் மீனவர்களுக்கு இடைஞ்சலாக இருக்குமா? அப்புறம், முக்கியமாக, கடல் கொண்ட தெருக்களை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் மீனவர் குப்பத்தில் யாராவது பேசுவார்களா? அந்தப் பக்கத்து ஆட்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். பெயர், எண் எதையும் பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்பினால் போதும்.