ஒரே குடும்பத்துக் கைனேஸ்களில் ஒன்றை மட்டும் எப்படிப் பிடித்தீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

கெலுகோர், பினாங்கிலிருந்து:

கைனேஸ் என்றால் மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. எங்கள் லேப்பில் ஈஸ்டின் பிகேஏ என்ற கைனேஸ்தான் முக்கிய வேலை. அதற்கு டிபிகே1, டிபிகே2, டிபிகே3 என்று மூன்று மரபணுக்கள். எந்த இரண்டை நீக்கினாலும் செல் பிழைத்துக்கொள்ளும். மூன்றும் போனால்தான் சாகும். நாசி கண்டார் கடையில் ஒருவர் லீவு போட்டால் மற்ற இருவர் சமாளிப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. கடை ஓடுகிறது என்பதற்காக லீவில் போனவருக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டிபிகே2 போன ஈஸ்ட் சாதாரணத் தட்டில் நன்றாக வளரும். நைட்ரஜன் குறைந்த தட்டில் இழை விடாது.

சரி, மருந்து போட்டு நிறுத்தலாமே என்றால் அங்கேயும் சிக்கல். மனித மரபணுத் தொகுதியில் 518 கைனேஸ்கள் என்று 2002-இல் கணக்கெடுத்தார்கள். பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி மூலக்கூறு உட்காரும் பள்ளம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அச்சு. ஒன்றுக்கு வைத்த குறி பக்கத்திலிருப்பதிலும் படும்.

சீனியர் அக்கா ஒருவர்தான் வேதி உயிரியலாளர் கெவன் ஷோகாட்டின் வழியைச் சொல்லிக்கொடுத்தார். 1997-இல் வி-சார்க் கைனேஸில் அவர் குழு செய்து காட்டியது. அந்தப் பள்ளத்தின் உள்வாசலில் ஒரு பருத்த அமினோ அமிலம் இருக்கும். டிபிகே-க்களில் அது மெத்தியோனின். அதைக் கிளைசீனாக மாற்றினால் கூடுதல் இடம் கிடைக்கிறது. 1-என்எம்-பிபி1 என்ற பருத்த மருந்து அந்த இடத்தில்தான் நுழையும். மாற்றாத கைனேஸ்களில் பெரும்பாலும் நுழையாது.

மூன்றிலும் அந்த மாற்றம் செய்த ஈஸ்டையும் சாதாரண ஈஸ்டையும் பத்துப் பத்து மடங்கு நீர்க்கச்செய்து சொட்டு வைத்தேன். மருந்தில்லாத தட்டில் இரண்டு வரிசையும் வளர்ந்தன. மருந்துத் தட்டில் சாதாரண வரிசை கடைசிச் சொட்டுவரை வெண்ணெய் நிறத்தில் திரண்டு நின்றது. மாற்றிய வரிசையில் முதல் சொட்டில் மட்டும் லேசான படலம். ஒரு மூலக்கூறின் ஒரு மூலையை மாற்றியதால் ஓர் உயிர் நம் சொல்லுக்கு நிற்கிறது! எனக்குக் கை நடுங்கியது.

இதுவரை மரபியல். நின்றது தெரிகிறது, எந்தப் புரதத்துக்குப் பாஸ்பேட் போகாமல் நின்றது? அதற்கு உயிர்வேதியியல் வேண்டும். பென்சைல் ஒட்டிய பருத்த ஏடிபி-யில் கடைசிப் பாஸ்பேட்டில் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் வைத்துச் செல்சாற்றில் சேர்த்தால், மாற்றிய கைனேஸ்தான் அதை எடுத்து, கந்தகமுள்ள அந்தப் பாஸ்பேட்டை இலக்குப் புரதத்தில் ஒட்டும். அப்புறம் கந்தகத்தில் ஒரு ரசாயன ஒட்டைச் சேர்த்து, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் அந்தப் புரதங்களைப் பொறுக்கி எடுக்கலாம். இரண்டு துறையும் சேராமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கோலாலம்பூரிலிருந்து:

நான் ரத்தப் புற்றுநோய் மாதிரிகளில் மரபணு வரிசை பார்ப்பவள். அதே வாசல் இடத்தை நான் எதிர்ப்பக்கமாகப் பார்த்திருக்கிறேன். ஒருவகை ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் கைனேஸில் 315-ஆவது இடத்தில் த்ரியோனின் என்ற அமினோ அமிலம். மரபணுவில் ஏசிடி என்பது ஏடிடி ஆனால், ஒரே எழுத்து, ஐசோலூசின் வந்துவிடும். அந்தக் கைனேஸை நிறுத்தும் இமாட்டினிப் மருந்து உட்கார முடியாது. திரையில் அந்த சி இடத்தில் டி-யின் சிவப்பு மேடு எழும்போது எனக்கு அந்த நோயாளியின் நினைவுதான் வரும். 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பொனாட்டினிப் மருந்து இந்த மாற்றம் இருந்தாலும் உட்காரும். ஒரு கேள்வி: நீங்கள் செய்த மாற்றமே கைனேஸைப் பலவீனமாக்கிவிடாதா?

கெலுகோரிலிருந்து:

ஆக்கும் அக்கா, சில கைனேஸ்களில் நன்றாகவே குறைந்துவிடும். அதனால் முதலில் புரதத்தைச் சுத்திகரித்து, கெம்ப்டைடு என்ற ஏழு அமினோ அமிலத் துண்டின்மேல் வேகத்தை அளந்து, மாற்றாததோடு ஒப்பிடுவோம். மிகவும் குறைந்திருந்தால் கிளைசீனுக்குப் பதில் அலனின் வைத்துப் பார்ப்போம். சில கைனேஸ்களில் வேகத்தை மீட்க வேறொரு இடத்தில் இரண்டாவது மாற்றமும் செய்ய வேண்டிவரும்.