குரலைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தோம்: மறைந்த கலைஞர்களை நீங்கள் எங்கே கண்டீர்கள்?

வெள்ளவத்தைக்காரன்:
கொழும்பு காலி வீதியில் பஸ்ஸுக்குள் நடந்தது. எனக்கு அப்போது எட்டு வயசு இருக்கும். பின் சீட்டில் யாரோ கதைக்க, அம்மா சடாரென்று திரும்பினா. பக்கத்தில் இருந்த அன்ரி மெதுவாக, "அவர்தான் மரிக்கார்" என்றா. தொப்பி இல்லை, தாடி இல்லை. வெறும் சேட்டு, கையில் ஒரு ஃபைல் கட்டு. அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. எஸ். ராமதாஸ் என்ற பெயரை அப்பா சொல்லித்தான் அன்றிரவு தெரிந்துகொண்டா.

இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற சிரிப்பு நாடகம் கேட்டவர்களுக்கு விளங்கும். நாலு பேர், நாலு விதத் தமிழ். ராமதாஸ் முஸ்லிம் மரிக்காராக வருவார், அப்துல் ஹமீத் ஐயராக! செல்வசேகரன் சிங்களம் தடவிய தமிழில் உபாலி, ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி. 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. படத்தைவிட றேடியோதான் திறம் என்பது அம்மாவின் தீர்ப்பு. முகம் தெரிந்த பிறகு சிரிப்பு பாதியாகக் குறைந்துபோச்சாம். ராமதாஸ் 2016இல் சென்னையில் காலமானார்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கோ.

கொட்டாஞ்சேனை வாசகி:
எங்க பாட்டிக்கு ராஜேஸ்வரி சண்முகம்னா உயிர். வானொலிக் குயில்னு ஊரே சொன்னாலும், பாட்டி எப்பவும் "நம்ம ராஜேஸ்வரி"ன்னுதான் சொல்லும். ஒரு கல்யாண வீட்டுல அவங்க எங்களுக்கு முன் வரிசையில உக்காந்திருந்தாங்க. பாட்டி எழும்பிப் போய், றேடியோவுல சொல்ற மாதிரி என் பேரை ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுச்சு. எனக்கு வெக்கத்துல செத்துடலாம் போல இருந்துச்சு. அவங்க சிரிச்சிட்டு சொன்னாங்க. அது வரைக்கும் எனக்கு என் பேரே பிடிக்காது.

அவங்க அறிவிப்பாளர் மட்டும் இல்ல, மேடையிலயும் வானொலியிலயும் நாடகம் நடிச்சவங்க. அதை இப்ப யாரும் சொல்றதில்ல. 2012 மார்ச்சுல போயிட்டாங்க.

பழைய றேடியோப் பெட்டி:
நான் ராமகிருஷ்ண மண்டபத்தில் கே.எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' பார்த்தனான். வருசம் நினைவில்லை, எழுபதுகளின் கடைசியாக இருக்கவேணும். மேடையில் பஸ் இல்லை, சீட் இல்லை. ஒரே ஒரு ஆள். யாழ்ப்பாணத்து கொண்டக்டர் அவர்தான், ஏறுகிற கிழவியும் அவர்தான், மீதிச் சில்லறைக்குச் சண்டை பிடிக்கிறவரும் அவர்தான். பஸ் வளைவில் திரும்பினால் சனமும் கதிரையில் சரியுது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் முன் கதிரையைக் கையால் பிடித்துக்கொண்டார், விழாமல் இருக்க!

முடிந்து வீட்டுக்குப் போக பஸ் ஏறினால், இறங்குகிற இடத்தில் ஒரு பெடியன் "அண்ணை றைற்!" என்று கத்தினான். பஸ் முழுக்கச் சிரிப்பு. கொண்டக்டர் சிங்களவர். ஒன்றும் விளங்காமல் தானும் சிரித்தார், பாவம்.

சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' வானொலித் தொடரில் இதே பாலச்சந்திரன் எங்களை அழவும் வைத்தார். நடிகனை அதில்தான் அளக்கவேணும் என்பேன்.

2014 பெப்ரவரியில் ரொறொன்ரோவில் இறந்தார். மருமகன் போன் எடுத்துச் சொன்னான். பொப் பாடகர் ஏ.ஈ. மனோகரன் 2018இல் சென்னையில். 'நிர்மலா' படம் எடுத்த ரகுநாதன் 2020 ஏப்ரலில் பாரிசில், கொரோனாவில். எல்லாம் போனிலும் முகநூலிலும் வந்த சாவுகள். எங்கள் கலைஞர்களில் ஒருவருக்கு ஒரு பிடி மண் போட இங்கே கிடைக்கவில்லை.

பம்பலப்பிட்டி வாசகி:
ஒருவருமா? நடிகை கமலினி செல்வராசன் கடைசிவரை இங்கேதானே இருந்தா. 2015 ஏப்ரலில் காலமானா. 'கோமாளிகள்' படம், 'தணியாத தாகம்', ரூபவாஹினி ரீவி எல்லாத்திலும் வந்தவா. கணவர் சில்லையூர் 1995இலேயே போய்விட்டார்.  வெளிநாட்டுச் சாவுக்கு மட்டும் கவலைப்படாதேங்கோ ஐயா, இங்கே இருந்தவர்களைப் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? நானும் போகவில்லை. அதையும் சொல்லத்தான் வேணும்.

மருதானை நானா:
மரிக்கார் பற்றி ஒரு சின்ன முறைப்பாடு. எங்கட வீட்டில் யாரும் அப்படிப் பேசுறதில்லை! வாப்பா ஒவ்வொரு முறையும் "இவன் எங்களை நக்கலடிக்கிறான்" என்பார். ஆனால் நேரம் வந்தால் றேடியோ பக்கத்தில் முதல் ஆளாக அவர்தான். உம்மா கேட்டால், இஷா தொழுகைக்கு இன்னும் நேரம் கிடக்கு என்பார்.

வெள்ளவத்தைக்காரன்:
நானா, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இன்னும் சிரிக்கிறா.

பம்பலப்பிட்டி அக்கா சொன்னது சுட்டது. பதில் இல்லை.

ஒரு உதவி. 83 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது எத்தனை படச்சுருள் போனதோ. வீட்டுக் கசெட்டுகளையாவது காப்பாற்றவேணும். என்னிடம் வானொலியில் பதிந்த கும்மாளம் ஒரு பக்கம் இருக்கு. உபாலி வாய் திறக்கிற இடத்தில் நாடா சிக்குது. புறக்கோட்டையிலோ மருதானையிலோ கசெட் திருத்துகிறவர் இன்னும் யாராவது இருக்கிறாரா?