இடுப்பு மடிப்பில் போடும் ஊசி: கால் முறிவு வலிக்கு நெர்வ் பிளாக் (நரம்பை மரக்க வைக்கும் ஊசி) போட்டவர்கள் சொல்வது

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து:

தொடை எலும்பு உடைந்த வயசானவர்களுக்கு ஆபரேஷன் வரைக்கும் வலியை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள், எங்கள் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சம்பா நடவு நேரம். கொல்லையில் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் பாசி வழுக்கி விழுந்துவிட்டார், வலது கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. புத்தூர் கட்டுக்குக் கொண்டு போகலாம் என்று தெருவில் பாதிப் பேர் சொன்னார்கள். இடுப்புகிட்ட உடைந்தது கட்டுக்கு நிற்காது என்று 108-ல் வந்தவர் சொன்னதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம்.

எக்ஸ்ரே பார்த்ததும் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது, ஆனால் உடனே இல்லை. அம்மா இதயத்துக்காகக் குளோபிடோக்ரெல் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர், அதை நிறுத்தி இடைவெளி விட வேண்டும், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும், ரத்தத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும். இந்தக் காத்திருக்கிற நாட்களின் வலியைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஆபரேஷன் வலி தெரியாமல் நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதற்கு முன்னால் பெட் பேன் வைக்க, ஷீட் மாற்ற, ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற என்று தொடும்போதெல்லாம் அம்மா போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. டிராமடால் என்ற வலி மருந்து போட்டார்கள். வாந்திதான் வந்தது, ராத்திரி முழுக்க "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா" என்று இல்லாத ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "பிளாக் போட்டுடலாம்மா, முதுகுல இல்ல, இங்கதான்" என்று இடுப்பு மடிப்பைத் தொட்டுக் காட்டினார். மேலோட்டமான இடம், ரத்தம் கசிந்தாலும் அழுத்திப் பிடித்து நிறுத்தலாம், அதனால் அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பார்த்துப் போடலாம் என்றார். அல்ட்ராசவுண்ட் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன். திரையில் துடித்துக்கொண்டிருந்த கறுப்பு வட்டம் தொடை ரத்தக்குழாய், அதற்கு வெளிப்பக்கம் வெளுப்பாக முக்கோணமாகத் தெரிந்தது ஃபெமோரல் நரம்பு. ஊசி மெல்லிய கோடாகச் சாய்ந்து உள்ளே போனது, மருந்து இறங்க இறங்க நரம்பைச் சுற்றிக் கறுப்பாகப் பரவியது. 20 மில்லி ரோபிவகெய்ன் என்று அந்த மரக்க வைக்கும் மருந்தின் பெயரை சிஸ்டர் நோட்டில் எழுதினார். அரை மணி கழித்து நாலு பேராகத் தூக்கி பெட் பேன் வைத்தோம், அம்மாவிடமிருந்து சத்தமே வரவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முழுசாக வலி போய்விடும் என்று நினைக்காதீர்கள். இடுப்பு மூட்டுக்கு வேறு நரம்புகளும் போகின்றன, பின்பக்கம் மந்தமாக வலித்துக்கொண்டுதான் இருந்தது, அதற்குப் பாராசிட்டமால் டிரிப்ஸ் போதுமாக இருந்தது. பிளாக் மருந்தின் வேகம் குறையக் குறைய வலி திரும்பும், அதனால் அதற்கு முன்பே அடுத்த டிரிப்ஸைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஆபரேஷன் அன்றும் முதலில் பிளாக் போட்டுவிட்டுத்தான் ஸ்பைனலுக்கு, அதாவது முதுகில் போடுகிற மரக்கும் ஊசிக்கு, உட்கார வைத்தார்கள். உடைந்த காலோடு உட்கார்ந்து முதுகை வளைப்பது சாதாரண விஷயமா?

எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் இது இருக்காது. ஆனால் கேஷுவாலிட்டியிலேயே, "மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டு பிளாக் போட முடியுமா பாருங்க" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்டால்தான் நடக்கிறது.

கும்பகோணத்திலிருந்து:

எனக்கு முட்டி மாற்று ஆபரேஷன். முதல் முட்டிக்கு ஃபெமோரல்தான் போட்டார்கள். முன்பக்கம் வலியே இல்லை, முட்டிக்குப் பின்னால் மட்டும் விண் விண் என்று தெறித்தது, அது வேற நரம்பு என்றார்கள். ஒன்று முக்கியம்: இந்த ஊசி வலியை மட்டும் எடுப்பதில்லை, முட்டியை நீட்டிப் பிடிக்கிற முன்தொடைச் சதையையும் சேர்த்துத் தளர்த்திவிடுகிறது. வலி இல்லை என்பதால் நடந்துவிடலாம் போலத்தான் தோன்றும். பக்கத்துக் கட்டில் ஆச்சி பாத்ரூமுக்கு எழுந்தார், கால் அப்படியே மடிந்துவிட்டது, நல்லவேளை ஆயா ஓடிவந்து தாங்கிக்கொண்டார். இரண்டாவது முட்டிக்கு அடக்டர் கனால் என்று தொடையில் இன்னும் கீழே போட்டார்கள். அதில் சதையின் பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், சாயந்திரமே வாக்கர் வைத்துப் பிசியோ நடக்க வைத்தார். முட்டிக்குப் போகிறவர்கள் இந்த இரண்டில் எது என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

தம்பிக்கு பைக் விபத்தில் முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்துவிட்டது. துடிக்கிறான். பிளாக் கேட்டோம், இப்போதைக்கு வேண்டாம் என்று எலும்பு டாக்டர் மறுத்துவிட்டார். ஏன் என்று புரியவில்லை.

தஞ்சாவூரிலிருந்து, தியேட்டர் செவிலியர்:

உங்கள் டாக்டர் மேல் கோபப்படாதீர்கள், காரணம் இருக்கிறது. கெண்டைக்கால் எலும்பு உடைந்தால் உள்ளே வீக்கம் ஏறி, சதைக்கு ரத்தம் போகாமல் அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதற்கு முதல் எச்சரிக்கையே கூடிக்கொண்டே போகும் வலிதான். அந்த வலியை மரக்க வைத்துவிட்டால் தெரியாமல் போய்விடுமோ என்று பயப்படுவார்கள். தொடை எலும்புக்குக் கொடுப்பதை இதற்குத் தயங்குவது அதனால்தான்.

பிளாக் போட்ட வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசி போடும்போதோ போட்ட கொஞ்ச நேரத்திலோ நாக்கு மரக்குது, வாயில் இரும்பு ருசி, காதில் ரீங்காரம் என்று சொன்னால் உடனே சொல்லிவிடுங்கள். மருந்து ரத்தத்தில் கூடுதலாகக் கலந்ததற்கு அது அடையாளம், அதற்கு மாற்று மருந்து இன்ட்ராலிபிட் தியேட்டரில் வைத்திருப்போம். மரத்த தொடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. குதிகால் ஒரே இடத்தில் அழுந்தாமல் கெண்டைக்கால் அடியில் துணியைச் சுருட்டி வையுங்கள்.

தம்பி விஷயத்தில் இன்றைக்கு ராத்திரி நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான். கால் கட்டையாக இறுகுகிறதா, விரல் மரத்துப் போகிறதா, கால் விரலை நாம் மெதுவாக நீட்டிவிட்டாலே கத்துகிறானா, வலி ஊசி போட்டும் வலி ஏறிக்கொண்டே போகிறதா. இதில் எது இருந்தாலும் டியூட்டி டாக்டரை எழுப்புங்கள், மாவுக்கட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.