மகள் மக்களான கதை: மெக்கானிக்கல் கீபோர்டு அனுபவங்கள்

அச்சகத்துக்காரர், வேலூர்

லாங் பஜார் பக்கம் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, தேர்தல் வந்தால் துண்டறிக்கை. தட்டச்சு வேலை முழுவதும் என் கையில்தான். பழைய டைப்ரைட்டர் முறையில் பழகியவன். 1999 சென்னை மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறைக்குப் பிறகு மாறினேன். வருடத்துக்கு ஒரு ரப்பர் கீபோர்டைத் தூக்கிப் போட்டு அலுத்துப்போய், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியாக நீலச் சுவிட்ச் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று வாங்கினேன்.

சென்ற வைகாசியில் ஒரு பத்திரிகை. "எங்கள் அன்பு மகள்" என்று அடித்தேன். அச்சாகி வந்தது "எங்கள் அன்பு மக்கள்". ப்ரூஃப் பார்த்த பெண்ணின் சித்தப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மக்கள் என்பதும் நல்ல தமிழ்ச்சொல்தானே, கண் வழுக்கிப் போய்விடுகிறது. 500 பத்திரிகையையும் கட்டோடு கொண்டுவந்து மேசையில் வைத்த பெண்ணின் அப்பா, "நான் என்ன தேர்தல் நோட்டீஸா அடிக்கச் சொன்னேன்?" என்று கேட்டார். என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

தமிழ்99 தெரிந்தவர்களுக்கு இது புரியும். அதில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். க இருப்பது ஆங்கில எச் விசையில். அதை நிதானமாக இருபது முறை தட்டிப் பார்த்தேன். இருபத்து மூன்று எழுத்துகள் வந்தன. 'குமார்' என்று அடித்தால் சில நேரம் 'க்குமார்' என்று விக்குகிறது. என் விரலில் கோளாறா, கீபோர்டிலா? யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

விடுதி மாணவன், காட்பாடி

ஐயா, வணக்கம். உங்கள் விரல் மேல் பழியில்லை. தொடுமுனை துள்ளுகிறது.

போன செமஸ்டர் விடுமுறையில் நானும் ஒரு நீலச் சுவிட்சைப் பிரித்துப் பார்த்தேன். மேல்மூடி, கீழ்க்கூடு, நடுவில் தண்டு, தண்டுக்கு அடியில் பேனா ஸ்பிரிங் போன்ற சுருள், ஓரத்தில் இரண்டு சிறிய உலோகத் தகடுகள். மூடியைத் திறந்ததும் ஸ்பிரிங் பறந்து கட்டிலுக்கடியில் போய்விட்டது. அரை மணி நேரம் டார்ச் அடித்துத் தேடினேன். விசையை அழுத்தினால் தண்டு இறங்கி இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று அழுத்தும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நடப்பது நேரெதிர். தண்டின் பக்கத்தில் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கின்றன. விசை சும்மா இருக்கும்போது அந்தக் கால்கள்தான் ஒரு தகட்டை மற்றதிலிருந்து தள்ளிப் பிடித்திருக்கின்றன. அழுத்தினால் கால்கள் இறங்கி வழிவிடும். தகடு தன் விறைப்பில் தானே போய் மற்றதைத் தொடும். நம் விரல் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தகடு அதன் வேகத்தில்தான் தொடும். இதை நான்கு முறை அழுத்தி, கண்ணாலேயே பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அப்படித் தொடும் உலோகம் ஒரே தொடுதலில் அடங்காது. கண்ணிமைப்பதற்குள் பல முறை தொட்டு விலகி, பிறகுதான் நிலைக்கும். கீபோர்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு இது தெரிந்தே, பெரும்பாலும் சுமார் 5 மில்லிநொடி அளவுக்கு இந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. தகட்டில் தூசியோ கறையோ ஏறினால் துள்ளல் அந்தப் பொறுமையையும் தாண்டி நீளும். அப்போது சில்லு அதை இரண்டாவது அழுத்தமாக எண்ணிக்கொள்கிறது. மகள் மக்களானது அங்கேதான். உங்கள் கடையில் காகிதம் வெட்டும் இயந்திரம் மேசைக்கு அருகில் இருக்கிறதா?

தட்டச்சு ஆசிரியை, ஆரணி

முப்பது ஆண்டுகள் இன்ஸ்டிடியூட் நடத்தியவள். லோயர், ஹையர் என்று எத்தனையோ பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறேன். டைப்ரைட்டரில் விரல் ஓங்கி இறங்காவிட்டால் எழுத்து மங்கலாக விழும். அதனால் அடித்து அடித்துத்தான் பழக்கினோம். கணினி வந்த பிறகும் என் கை அதே வேகத்தில்தான் இறங்கியது. ரப்பர் கீபோர்டில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. ரப்பர் குமிழ் முழுவதும் மடங்கி, கீழே இருக்கும் பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் எழுத்து வரும். கிட்டத்தட்ட அடிவரை போக வேண்டும்.

மகன் எனக்குப் பழுப்புச் சுவிட்ச் கீபோர்டு வாங்கிக் கொடுத்தான். அதில் விசை இறங்கும் ஆழம் 4 மில்லிமீட்டர். பாதி வழியில், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடுகிறது. அந்த இடத்தில் விரலுக்கு ஒரு சிறு மேடு தட்டுப்படும், அதோடு நிறுத்திவிடலாம். இந்த வயதில் என் கை அதைக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. சிவப்பில் மேடே கிடையாது, வழுக்கிக்கொண்டு போகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. நீலத்தில் மேட்டோடு 'டிக்' என்ற ஒலியும் உண்டு. இந்த நிறக் கணக்கை ஆரம்பித்தது ஜெர்மனியின் செர்ரி நிறுவனம். இப்போது சீனத்திலிருந்து வரும் சுவிட்சுகளும் பெரும்பாலும் அதே நிறங்களைப் பின்பற்றுகின்றன.

ஒரு அலுவலகத்தில் 1985இல் வெளிவந்த ஐபிஎம் மாடல் எம் வகைக் கீபோர்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விசைக்கடியிலும் ஒரு ஸ்பிரிங். அழுத்த அழுத்த நிமிர்ந்து நின்று, ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் பக்கவாட்டில் வளைந்து, அடியில் இருக்கும் சிறு சுத்தியலைத் தட்டிவிடும். டைப்ரைட்டருக்கு மிக நெருக்கமாக என் விரல் உணர்ந்த கணினி விசை அதுதான். ஆனால் அந்தச் சுத்தியல் அடிப்பதும் பிளாஸ்டிக் தாள்களைத்தான் என்று மகன் சொன்னபோது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

கணக்கர், ஆம்பூர்

தோல் ஏற்றுமதி அலுவலகம். கீபோர்டில் டீ கொட்டியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ரப்பர் வகையில் சர்க்கரைத் தண்ணீர் தாள்களுக்கு நடுவே புகுந்தால் கதை முடிந்தது. மெக்கானிக்கலில் மூடிகளைப் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். ஏழு சுவிட்சுகளில் மட்டும் பிசுபிசுப்பு தங்கியது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலை விட்டு அழுத்தி அழுத்தி எடுத்ததில் ஐந்து தேறின. மீதி இரண்டும் இன்னும் முனகிக்கொண்டுதான் எழுந்து வருகின்றன.

அச்சகத்துக்காரர், வேலூர்

தம்பி கேட்டது சரி. காகிதம் வெட்டும் இயந்திரம் மூன்றடி தூரத்தில்தான் இருக்கிறது. மின்விசிறி வேறு. வேலூர் வெயிலில் விசிறியை நிறுத்தவும் முடியாது. அந்தச் சுவிட்சை மட்டும் மாற்ற முடியுமா? நூற்றுச் சொச்சம் விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி போகுமே, ஒன்றைத் தொட்டால் எல்லாம் கெட்டுவிடாதா?

விடுதி மாணவன், காட்பாடி

தனித்தனிக் கம்பி கிடையாது ஐயா. தறியில் பாவும் ஊடும் போல வரிசைகளும் நிரல்களும்தான். 6 வரிசை, 18 நிரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 தடங்களில் 108 சந்திப்புகள் கிடைத்துவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சுவிட்ச். சில்லு ஒவ்வொரு தடமாக நொடிக்குப் பல நூறு முறை விசாரித்துக்கொண்டே இருக்கும். நல்ல கீபோர்டில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் துணையாக ஒரு டயோடு இருக்கும். அது ஒருவழிப் பாதை. அது இல்லாவிட்டால், மூன்று விசைகளை ஒருசேர அழுத்தும்போது மின்சாரம் பின்பக்கமாகச் சுற்றிப்போய், அழுத்தாத நான்காவது எழுத்தையும் அழுத்தியதாகக் காட்டும்.

ஆகவே ஒரு சுவிட்சைக் கழற்றினால் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது. என்னுடையதில் சாக்கெட் இருப்பதால் இடுக்கியால் பிடுங்கி வேறு சொருகிவிடுவேன். உங்களுடையது ஈயம் வைத்துப் பற்றவைத்ததாக இருந்தால் இரண்டே கால்கள்தான். செல்போன் பழுதுபார்ப்பவர் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். டயோடை மட்டும் தலைகீழாக வைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படியே ஸ்பேஸ் பாருக்கு அடியில் இருக்கும் கம்பியில் துளி கிரீஸ் தடவச் சொல்லுங்கள், கடகடவென்ற சத்தம் அடங்கும்.

அச்சகத்துக்காரர், வேலூர்

வேலை முடிந்தது. புதுச் சுவிட்ச் வாங்கவும் இல்லை. பழுதுபார்க்கும் பையன் பலகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த ஸ்குரோல் லாக்கை எப்போதாவது அழுத்தியிருக்கிறீர்களா?" என்று கேட்டான். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட இல்லை. நான்கு ஆண்டுகளாகச் சும்மா உட்கார்ந்திருந்த அந்தச் சுவிட்சைப் பெயர்த்து க இருக்கும் இடத்தில் வைத்தான். விக்குகிற சுவிட்ச் ஸ்குரோல் லாக் இடத்துக்குப் போய்விட்டது. நேற்று மட்டும் நான்கு பத்திரிகை அடித்தேன். நான்கிலும் மகள் மகளாகவே இருக்கிறாள்.

காகிதம் வெட்டும் இயந்திரத்தைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டேன். விசிறி அப்படியேதான் சுற்றுகிறது.