இந்த சீசனில் நம் காலேஜ் ஃபுட்பால் டீம் தேறுமா? பார்த்தவர்கள், எதிர்த்து ஆடியவர்கள் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி ஸ்டாப்பர்:

வேலூர் நேதாஜி ஸ்டேடியத்தில் நம் பையன்கள் ஒரு லோக்கல் டீமோடு பிராக்டிஸ் மேட்ச் ஆடியதைக் கடைசி வரை நின்று பார்த்தேன். எல்லோரும் பேசுவது ஆம்பூரிலிருந்து வந்திருக்கும் ஃபர்ஸ்ட் இயர் ஃபார்வர்டைப் பற்றித்தான். பேச வேண்டிய ஆள்தான். இடது காலில் வாங்குகிறான், அடுத்த தொடுதலிலேயே அடித்துவிடுகிறான். கீப்பருக்கு யோசிக்கவே நேரமில்லை.

ஆனால் நான் பின்னால் ஆடியவன், என் கண் பின்னால்தான் போகும். போன வருடம் செமி ஃபைனல் போன டீமில் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் இரண்டு ஸ்டாப்பர், கீப்பர் மூவருமே ஃபைனல் இயர். டிகிரி முடித்துப் போய்விட்டார்கள். இப்போது ஸ்டாப்பராக நிற்பவன் நேற்று வரை நடுவரிசையில், ஹாஃபில் ஆடியவன். பந்து அவன் காலில் இருக்கும்போது அழகாக இருக்கிறது, இல்லாதபோதுதான் பிரச்சினை. பக்கத்துப் பையன் தடுப்பு வரிசையை, அதாவது லைனை, மேலே ஏற்றும்போது இவன் இரண்டடி பின்னால் நிற்கிறான். கீப்பரை விட்டால் கடைசியாக நிற்பவனைத் தாண்டி நின்று பந்து வாங்கினால்தான் ஆஃப்சைடு. இவன் பின்னால் நிற்பதால் எதிராளி ஆஃப்சைடே ஆகாமல் நடுவில் புகுந்து ஓடுகிறான். வாங்கிய இரண்டு கோலும் அப்படித்தான்.

அப்புறம் அந்த கோல் கிக். 2019-இல் விதி மாறியதிலிருந்து பந்து பெனால்டி பாக்ஸைத் தாண்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, உள்ளேயே வாங்கி ஆடலாம். டிவியில் பெரிய கிளப்புகள் செய்வதைப் பார்த்து இவர்களும் சின்னச் சின்னதாகத் தட்டி ஆரம்பிக்கிறார்கள். அங்கே புல்தரை. நம் கட்டாந்தரையில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று பந்துக்கே தெரியாது! தூக்கி அடிங்கப்பா.

வேறு யாராவது பார்த்தீர்களா?

ஆம்பூர் விங்:

அண்ணா, அந்த ஃபார்வர்டை எதிர்த்து நான் ஆடியிருக்கிறேன், எங்கள் பக்கத்தில் டீமுக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமென்டில். என்னைக் கடந்து போனதை எண்ணவே முடியாது, அவ்வளவு வேகம். ஆனால் இந்த செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது. எதிர் கோலுக்குப் பக்கத்திலேயே நின்று பந்துக்குக் காத்திருப்பது அவனுக்குப் பழகிவிட்டது. பதினொரு பேர் ஆட்டத்தில் முதல் பாதியிலேயே அசிஸ்டென்ட் ரெஃப்ரி நாலு தடவை கொடி தூக்குவார். மைதானமும் பெரிசு. செவன்ஸில் ஓடுவது வேறு, இதில் இரண்டு பாதியும் தாங்குவது வேறு. கோல் அடிப்பான், சந்தேகமில்லை. எல்லா மேட்சிலும் அடிப்பான் என்று எழுதி வைக்காதீர்கள்.

குடியாத்தம் அம்மா:

என் பையன் இந்த டீமில் லெஃப்ட் பேக். எனக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். பிராக்டிஸ் காலை ஆறு மணிக்கு. விடிவதற்கு முன்பே பஸ் ஏறுகிறான். அதை முடித்து, எதையோ வாயில் போட்டுக்கொண்டு ஒன்பதரைக்கு வகுப்பு. போன வருடம் மேட்ச் அன்றைக்கே இன்டர்னல் டெஸ்ட். டீமுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) உண்டு, டெஸ்டை மட்டும் தனியாக வைக்க மாட்டோம் என்றார்கள். மூன்று பிள்ளைகள் டெஸ்டுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்குத் தோற்றதற்கு யாரைக் குறை சொல்வது? 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பி.டி. சார் இந்தத் தடவை தேதி வந்ததுமே பிரின்சிபாலிடம் பேசி எழுத்தில் வாங்கிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

பழைய நார்த் ஆற்காடு:

நாங்கள் ஆடிய எண்பதுகளில் இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தன. பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளுக்குள் நடக்கும் போட்டியில் முன்னேறினால் சென்னை டீம்களைப் பார்க்க வேண்டும். அவர்களுடைய கிட்டைப் பார்த்தே எங்களுக்குப் பாதி தெம்பு போய்விடும். 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. அதிலும் முதலில் விழுப்புரம், கடலூர் எல்லாம் சேர்ந்துதான் இருந்தன, பிறகு அவை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. இப்போது மிச்சம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. 1989-க்கு முந்தைய எங்கள் வட ஆற்காடு மாவட்டமேதான்! வி.ஐ.டி. தனிப் பல்கலைக்கழகம், இதில் வராது.

ஆக, யாரைத் தாண்ட வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. வாணியம்பாடி இஸ்லாமியா, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், இங்கேயே ஊரீஸ். என்னைக் கேட்டால் முதலில் பயப்பட வேண்டியது திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரிக்கு. சலேசிய சாமியார்கள் நடத்தும் இடம், சாயங்காலமானால் பிள்ளைகளை மைதானத்தில் இறக்கிவிடுவார்கள். எங்கள் காலத்தில் அங்கே போய் ஜெயித்துத் திரும்பினால் பஸ்ஸில் பாட்டுதான். திரும்பும்போது பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் வந்தோம்.

இன்னொன்று. நாக் அவுட்டில் காலையில் ஒரு மேட்ச், மாலையில் ஒரு மேட்ச் என்று போட்டுவிடுவார்கள். நம் ஊர் வெயிலில் இரண்டாவது மேட்சை ஜெயிப்பது பெஞ்ச். ஐந்து பேரை மாற்றலாம் என்பது 2022-இல் நிரந்தர விதியாகிவிட்டது. மாற்ற ஐந்து பேர் வேண்டுமே! ஸ்டாப்பர் தம்பி, நீங்கள் பார்த்த அன்று பெஞ்சில் எத்தனை பேர்?

சத்துவாச்சாரி ஸ்டாப்பர்:

மூன்று பேர், சார். அதில் ஒருவன் கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தான்.

கோல் போஸ்டுக்கு நடுவில்:

இப்போதைய கீப்பர் நான்தான். கோல் கிக்கைத் தூக்கி அடிக்கச் சொன்ன அண்ணனுக்கு ஒரு விஷயம். தூக்கி அடித்தால் ஹெட் பண்ண நடுவில் உயரமான ஆள் இல்லை, பத்தில் எட்டுத் தடவை பந்து அவர்களிடமே போய்த் திரும்பி வருகிறது. அதனால்தான் சின்னதாக ஆடுகிறோம், டிவி பார்த்து இல்லை. லைன் விஷயம் நீங்கள் சொன்னது சரி. பின்னால் இருந்து கத்த வேண்டியது நான். ஆனால் இரண்டு ஸ்டாப்பரும் எனக்கு சீனியர், "ஏறுங்கண்ணா, ஏறுங்கண்ணா" என்று கெஞ்சுவது போல வருகிறது. ஃபார்வர்டு ஆஃப்சைடில் மாட்டுவதும் உண்மை. பி.டி. சார் அவனைக் கொஞ்சம் பின்னால் இறக்கி ஆட வைத்துப் பார்க்கிறார்.

சத்துவாச்சாரி ஸ்டாப்பர்:

தம்பி, நீ சொல்லும் காரணம் சரிதான், அப்படியானால் ஆளைப் பார்த்து சைடு லைன் பக்கம் அடி. நடுவில் தட்டாதே, அங்கே போனால் நேராக கோல்தான். மைதானத்துக்குள் சீனியர், ஜூனியர் எல்லாம் கிடையாது. "ஏறு" என்று ஒரே வார்த்தையில் கத்து, வெளியே வந்ததும் அண்ணா போட்டுக்கொள்.

என் கணக்கு இது: ஃபர்ஸ்ட் ரவுண்டு தாண்டும், குவார்ட்டர் ஃபைனலும் தாண்டலாம். அதற்கு மேல் அந்த ஃபார்வர்டு கையில் இல்லை, இந்த இரண்டு ஸ்டாப்பர் கையில்தான். பி.டி. சாரிடம் கேட்டுச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஃப்ரீ. உங்கள் நாலு பேக்கையும் உன்னையும் மட்டும் வரச் சொன்னால் போதும், கயிறு கட்டி லைன் ஏறி இறங்கப் பழக்கிவிடலாம். கயிறு நான் கொண்டு வருகிறேன்.