நோட்டில் 118 கர்ப்பிணிகள்: எல்லாரையும் சென்றடைந்தோம் என்று எழுதலாமா?

காலடிப்பேட்டைக்காரி:

வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரி போய், அங்கிருந்து பஸ் பிடித்து உள்ளே இருக்கும் ஐந்து ஊர்களில் ஒரு சின்ன அறக்கட்டளைக்காக வேலை பார்க்கிறேன். சேர்த்து சுமார் 5,000 ஜனம். கர்ப்பிணிகளுக்கு மாதக் கூட்டம் நடத்துகிறோம், சத்துமாவு கொடுக்கிறோம், செக்கப்புக்குத் துணைக்குப் போகிறோம். போன வருஷம் எங்கள் நோட்டில் 118 பேர்.

பணம் தருகிறவர்கள் "எத்தனை சதவீதம் பேரைச் சென்றடைந்தீர்கள்" என்று கேட்கிறார்கள். "118னு போடு, எல்லாரையும் பார்த்தாச்சுன்னு எழுது" என்கிறார் எங்கள் மேலாளர். எனக்கு எழுத மனசு வரவில்லை. போன மாதம் ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பில் ஒரு பெண்ணைப் பார்த்தேன், எட்டு மாசம். எங்கள் நோட்டில் பேர் இல்லை. கூட்டம் நடக்கிற இடத்திலிருந்து அவர் வீடு கூப்பிடு தூரம்தான். "எங்களையும் கூப்பிடுவீங்கன்னு தெரியாதுக்கா" என்றார். அந்தப் பேச்சு இன்னும் காதிலேயே இருக்கிறது.

வந்தவர்களை எண்ணத் தெரியும். வராதவர்களை எப்படி எண்ணுவது?

தண்டையார்பேட்டை நர்சம்மா:

அம்மாடி, நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவ. பாதி சர்வீஸ் மீஞ்சூர், பொன்னேரி பக்கம்தான்.

முதல்ல மொத்தம் எத்தனை பேர் இருக்கணும்னு கணக்குப் போடு. சப்சென்டர்ல நாங்க போடற கணக்கு இது: ஜனத்தொகையை பிறப்பு விகிதத்தால பெருக்கி ஆயிரத்தால வகுக்கணும். தமிழ்நாட்டுக்கு 2020ல ஆயிரத்துக்கு 13.8. உன் 5,000 பேருக்கு வருஷத்துக்கு 69 பிரசவம். கலைஞ்சு போறதுக்குன்னு பத்துல ஒரு பங்கு சேர்த்தா 76. சின்ன ஊருல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஆனா நீ 118ங்கற. நூத்துக்கு 155 ஆகுது! அது எப்படிம்மா?

தலைச்சன் பிரசவம்னா வளைகாப்பு முடிஞ்ச கையோட பொண்ணு அம்மா வீட்டுக்கு வந்துடும். புருஷன் ஊர்லயும் பேரு, அம்மா ஊர்லயும் பேரு. பேரை வச்சு எண்ணாத. கர்ப்பத்தைப் பதிவு பண்ணும்போது அரசாங்கம் கொடுக்கற பிக்மி நம்பர் 12 இலக்கம், அவ எங்க போனாலும் அதே நம்பர்தான். அதை வச்சு நோட்டைச் சலிச்சு எடு. அப்புறம் உன் ஊர்லயே குடியிருக்கிறவங்க எத்தனை, பிரசவத்துக்குன்னு வந்தவங்க எத்தனைன்னு பிரி. 118 இருக்கறதாலயே விடுபட்டவங்க கண்ணுக்குத் தெரியாமப் போயிடறாங்க.

எனக்கே நடந்தது. ஒரு வருஷம் என் ரிஜிஸ்டர்ல எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஒரு செங்கல் சூளையில, தார்ப்பாய் குடிசைக்குள்ள ஒடிசா பொண்ணு ஒண்ணு படுத்திருந்தது. கண் இமையைக் கீழ இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் தாளாட்டம் இருந்துது. ஹெச்பி 6.4. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ போனாலே ரத்தசோகை, 7க்குக் கீழன்னா உசுருக்கே ஆபத்து. அன்னிக்கு ராத்திரி ஆம்புலன்ஸ்ல கூடவே உக்காந்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ரெண்டு உசுரும் பொழச்சுது. அவ ஏன் என் கணக்குல இல்ல? நான் ரேஷன் கார்டு இருக்கற வீட்டுக்குத்தான் நம்பர் போட்டிருந்தேன். சூளைக்கு ஏது ரேஷன் கார்டு?

அவங்க கார்த்திகை, மார்கழியில வந்து, மழை பிடிக்கிறதுக்குள்ள ஊருக்குத் திரும்பிடுவாங்க. நீ ஆவணியில வீடு வீடாப் போனா சூளை காலியாக் கிடக்கும். மாசியில ஒரு தடவை கட்டாயம் போ.

இன்னொண்ணு. தாய் சேய் நல அட்டையை மட்டும் பார்த்துட்டு வராத. இரும்புச்சத்து மாத்திரை அட்டையை எடுத்துட்டு வரச் சொல்லி எண்ணிப் பாரு. ஒரு வீட்ல அரிசி டப்பாவுக்குப் பின்னாடி பிரிக்காத அட்டையா ஒன்பது இருந்தது. சாப்பிட்டா குழந்தை கறுப்பாப் பொறக்கும்னு மாமியார் சொல்லியிருக்காங்க. தாய் சேய் நல அட்டையில பார்த்தா அவ நாலு செக்கப்பும் வந்தவ.

கொருக்குப்பேட்டை, புள்ளியியல் படிக்கிறேன்:

நர்சம்மா சொன்ன ஒன்பது அட்டை மாநிலக் கணக்கிலேயே தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் நாலு செக்கப்பாவது போனவர்கள் 89.9 சதவீதம். அதே ஆய்வில் கர்ப்பிணிகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 48.3 சதவீதம். தனஹாஷி என்பவர் 1978லேயே இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்: சேவை இருக்கிறதா, போய்ச்சேர முடிகிறதா, மனசு ஒப்புகிறதா, வந்தார்களா, வந்ததால் பலன் கிடைத்ததா. அக்கா, எந்தப் படியில் ஆட்கள் குறைகிறார்கள் என்று பாருங்கள். இருளர் குடியிருப்பில் அழைப்பே போய்ச்சேரவில்லை. அந்த ஒன்பது அட்டை வீட்டில் கடைசிப் படி உடைந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து உதவாது.

பெரிய சர்வேக்குப் பணம் இல்லையென்றால் சிலரை மட்டும் கேட்டு ஒரு பகுதி இலக்கை எட்டியதா என்று பார்க்கும் எல்.க்யூ.ஏ.எஸ். முறை இருக்கிறது. ஒரு மேற்பார்வைப் பகுதிக்கு 19 பெண்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, சேவை கிடைத்ததா என்று கேட்பார்கள். இலக்கு 80 சதவீதம் என்றால் 19ல் 13 பேராவது "ஆம்" சொல்ல வேண்டும். குறைந்தால் அந்தப் பகுதிக்கு முதலில் ஓட வேண்டும். ஆனால் குலுக்கலை உங்கள் நோட்டிலிருந்து எடுக்காதீர்கள், விடுபட்டவர் அதில் வரவே மாட்டார். சூளை, ஏரிக்கரை மாதிரி சின்ன இடங்களில் குலுக்கலே வேண்டாம், எல்லாரையும் கேட்டுவிடலாம்.

காலடிப்பேட்டைக்காரி:

இரண்டு ராத்திரி உட்கார்ந்து நோட்டைச் சலித்துவிட்டேன். 118 இப்போது 83. அதில் 24 பேர் பிரசவத்துக்கு அம்மா வீடு வந்தவர்கள். மீதி 59. நர்சம்மா சொன்ன 76க்கு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 78. அந்த 59 பேரில் ஏரிக்கரையிலிருந்து ஒருவர்கூட இல்லை. இதை அப்படியே எழுதி அனுப்பப் போகிறேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது, வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த ஏரிக்கரைப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கணக்கெடுக்கும்போது வீடு வீடாகக் கூட வருகிறேன் என்று அவர் மாமியாரே சொல்லியிருக்கிறார். மாசியில் சூளைகளுக்குப் போக ஒடியா பேசும் பெண் ஒருவர் வேண்டும். எண்ணூர், மணலி பக்கம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ரயில் செலவும் சாப்பாடும் என் பொறுப்பு.